தலைக்கு மூன்று கிலோ

ஒரு நாள் காலை ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள்: நம் நாட்டில் ஆளொன்றுக்கு வருடத்துக்கு மூன்று கிலோ ஆலிவ்தான் கிடைக்கிறதாம். போதவில்லையாம். அதனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாம். எனக்கு எதிரே என் வீட்டுக்காரர் அபூ ஆதில் உட்கார்ந்து ரொட்டியைக் கிழித்துத் தயிர்க்கட்டியில் தோய்த்துக்கொண்டிருந்தார். மூத்தவன் ஆதிலின் பெயரால் ஊரில் அவர் அபூ ஆதில், நான் உம்மு ஆதில். ஆலிவ் காயை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டுக் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் குவித்துக்கொண்டே, "பாவம், யாரு அந்த மூணு கிலோ ஆளு? நோயாளியா இருப்பான் போல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரேடியோவை அணைத்தேன்.

மூன்று கிலோவாம்! அஜ்லூன் மலையில் எங்கள் ஊர் ராஸ் அல்-தூத்தில் காலையில் ஆலிவ், ராத்திரி ஆலிவ், நடுவில் பசித்தால் ரொட்டிக்குள் ஆலிவ். விருந்தாளிக்கு முதலில் வைப்பதும் அதுதான், சமைக்கச் சோம்பலாக இருந்தால் சாப்பிடுவதும் அதுதான். வருடத்துக்கு மூன்று கிலோ என்றால் ஒரு நாளைக்கு இரண்டு காய். இரண்டு காயை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம், காதில் தோடாகப் போட்டுக்கொள்வோமா? சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த மூன்று கிலோ கவ்லாவின் வயிற்றில் அடித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கவ்லா எனக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். மஃப்ரக்கில் கட்டிக்கொடுத்தார்கள், சில வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அந்த ஆளைப் பற்றி யாராவது கேட்டால், "நல்லவன்தான், அவன் அம்மாவுக்கு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. அண்ணன் நாயிஃப் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தான். அண்ணியும் கெட்டவள் இல்லை, ஆனால் கவ்லா ரொட்டியை எடுக்கும்போது அவள் கையையே பார்ப்பாள். கவ்லாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அந்த வருடமே அப்பா வழியில் தனக்கு வந்த மரங்களில் காய் பறித்தாள். கல்லால் தட்டி, கசப்புப் போகத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேர்த்து ஜாடிகளில் அடைத்தாள். இர்பித் சந்தைக்குக் கொண்டுபோய் ஒரு ஜாடி மிச்சமில்லாமல் விற்றுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஊறுகாய்க் கூடம் வந்தது. ஊர் மன்றத்தார் மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை அவளுக்குத் திறந்துவிட்டார்கள்; வேலை நடக்கிற வரைக்கும் வைத்துக்கொள், நின்றால் திருப்பிக் கொடு என்று ஒப்பந்தம். நான் போனேன், இன்னும் பல பெண்கள் வந்தார்கள். நாங்கள் எல்லோரும் உப்பு சரியாக இருக்கிறதா என்று பச்சை முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்போம். கவ்லா முட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். "முட்டைக்கு என்ன தெரியும்? அதுவா சாப்பிடப்போகுது?" என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஜாடியின் மூடியை மட்டும் வேறு யாரும் மூடக் கூடாது. நான் ஒரு தடவை மூடிவிட்டேன் என்று கூடமே அதிரக் கத்தினாள். நானும் விடவில்லை. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, மூன்றாம் நாள் அவளே காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

சாக்கடல் கரையில் இருக்கும் ஓட்டல்களுக்குச் சரக்கு எடுக்கும் ஏஜென்ட் ஒருவன் எங்கள் காயை ருசி பார்த்துவிட்டு மாதாமாதம் வண்டி அனுப்ப ஆரம்பித்தான். கவ்லா அண்ணன் வீட்டுப் பின்கட்டிலிருந்து வெளியே வந்தாள். எனக்கு அடுத்த வீட்டை வாடகைக்குப் பிடித்தது அப்போதுதான். சொந்தச் சாவி கையில் வந்த அன்று அவள் கதவைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்து பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடம் நின்றால் அந்தச் சாவியும் போகும், பின்கட்டுக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

செய்தி வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், ஏஜென்ட் போன் செய்தான். "கவ்லா அக்கா, கப்பல்ல பீப்பாய் பீப்பாயா மலிவா வந்து எறங்குது. உங்க காய் நல்லாத்தான் இருக்கு, நான் இல்லேன்னு சொல்லல. ஓட்டல்காரன் கேக்க மாட்டேங்கறான்."

"அவன் கேக்கலேன்னா நீ எடுத்துச் சொல்லு. உனக்கு நாக்கு இல்லையா?"

"நாக்கு இருக்கு அக்கா, வேலையும் இருக்கணுமே."

மறுநாளே கவ்லா என்னை இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே விவசாயக் கணக்குகளைப் பார்ப்பவர் அபூ ஃபிராஸ். பக்கத்து ஊர்க்காரர்தான், எங்களைத் தெரியும். நாங்கள் போன நேரம் மதியச் சாப்பாடு. மேஜைமேல் செய்தித்தாளை விரித்து ரொட்டி, தக்காளி, ஒரு கிண்ணம் ஆலிவ். தாளின் ஓரத்தில் கொட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. "வாங்க வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார். கவ்லா உட்காரவில்லை. கொட்டைகளையே பார்த்தாள்.

"அபூ ஃபிராஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு காய்னு எழுதியிருக்கீங்களே, இப்ப யாரு பங்கைச் சாப்பிடுறீங்க? உங்க தெருவுல எல்லாரும் பட்டினியா?"

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தால் உங்களைப்போல் ஏமாந்தவர் யாரும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இன்னொரு காயை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கணக்கு நான் எழுதுறதில்ல கவ்லா. சந்தைக்கு வர்ற காயைச் சந்தையிலேயே கணக்கு எடுத்துக்கறாங்க. வீட்டுல ஊறப்போடுற காயை வீடு வீடா கேட்டாத்தான் தெரியும். எல்லா ஊருலயும் கேக்க முடியுமா? இந்த மலை முழுசுக்கும் ஒரு ஊரை மாதிரியா எடுத்து, அங்க கேட்டதை வச்சு மத்த ஊருக்கும் போட்டுக்கறாங்க."

"எந்த ஊரு அந்த உருப்படாத ஊரு?"

"உங்க ஊருதான்."

கவ்லா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுதான் ரக்கான் ஞாபகத்துக்கு வந்தான்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில், மரங்கள் கிளை முறியக் காய்த்து ஓய்ந்த சமயம், ரக்கான் என்று ஒருவன் கோட்டும் மீசையுமாகக் கணக்கெடுக்க வந்தான். நகரத்து ஆள். வாசலில் நின்று சலாம் சொன்னான், குழந்தைகள் நலமா என்று கேட்டான், பிறகு நேரே, "உங்க வீட்டுல எத்தனை ஜாடி ஆலிவ் இருக்கு?" என்றான். கேட்கிற கேள்வியா அது! இந்த மலையில் பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாலே நாலைக் கூட்டிக்கழித்து மூன்று என்று சொல்கிறவர்கள் நாங்கள். உக்கிராணத்தில் இருப்பதை அந்நியன் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். அவனாவது "மாஷா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணேறு கழிந்திருக்கும். சொல்லவில்லை. அபூ ஆதில் உக்கிராணக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "ஏதோ ஆண்டவன் கொடுத்தது, ஒரு ஜாடி" என்றார். கதவுக்குப் பின்னால் நாங்கள் உள்ளே நுழையவே இடமில்லாமல் ஜாடிகள். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் இதையேதான் சொன்னார்கள். கவ்லா மட்டும் என்ன? கூடத்தில் பீப்பாய்கள்மேல் போர்வையைப் போர்த்திவிட்டு, "பொம்பளைங்க ஏதோ பொழுதுபோக்கா பண்றோம், வீட்டுக்கு ரெண்டு ஜாடி தேறும்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பினோம். மலை ஏறும் வளைவில் திடீரென்று, "போர்வை கூட போர்த்தினேனே உம்மு ஆதில்" என்றாள். நான் அவளைத் திட்டவா, சமாதானம் சொல்லவா? எனக்கு எல்லார்மேலும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வாய்மேலும்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அபூ ஃபிராஸ் இந்த மலையில் பிறந்தவர், எங்கள் வீடுகளில் சாப்பிட்டவர். அவர் அந்தக் கணக்கைப் பார்த்தாரே, ஒரு வரி எழுதி, இவர்கள் எப்போதும் இப்படித்தான் குறைத்துச் சொல்வார்கள் என்று தெரிவித்திருக்கக் கூடாதா? கை வலித்துவிடுமா?

அவர் ஒரு நம்பிக்கை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார். வருகிற குளிர்காலத்தில் ரக்கான் மறுபடி வருவான். கணக்கு உயர்ந்தால் பருவத்தில் இறக்குமதியை நிறுத்திவிடுவார்கள், ஓட்டல்காரர்கள் திரும்ப எங்களிடம்தான் வர வேண்டும். ஊர் மன்றத்தாரும் அதுவரை கூடத்தைத் தொடுவதில்லை என்று சம்மதித்தார்கள்.

அன்றிலிருந்து கவ்லா வீடு வீடாக ஏறி இறங்கினாள். உண்மையைச் சொல்லுங்கள், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்று கெஞ்சினாள், அதட்டினாள். மேல்தெரு உம்மு தியாப் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். அவள் உக்கிராணம் ஊரிலேயே பெரியது; கண் படாமலிருக்க அவள் கழுத்தில் நீல மணி, கதவில் நீல மணி, ஆட்டின் கழுத்தில்கூட நீல மணி.

"என் நாத்தனா வாயைத் திறந்து எண்ணிக்கை சொன்னா, மறுவாரம் மாடு செத்துப்போச்சு. உனக்கென்ன, உனக்கு மாடா இருக்கு?"

"எனக்கு மாடு இல்ல, கூடம் இருக்கு. அது சாகப்போகுது" என்றாள் கவ்லா.

உம்மு தியாப் கழுத்து நீல மணியை விரலால் உருட்டினாள். பிறகு, "அவன் மாஷா அல்லாஹ் சொல்லட்டும், நான் கதவைத் திறக்கறேன். சொல்லாத வாய்க்கு என் வீட்டுல பதில் கிடையாது" என்றாள். கவ்லா அதைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்க அதே நிபந்தனையில் சம்மதம் வாங்கினாள். கூடவே எல்லோரையும் எச்சரித்தாள், "ஒரு ஜாடி கூட்டிச் சொன்னாலும் நானே உள்ள வந்து எண்ணிப் பார்ப்பேன். பொய் சொன்னது போதும்."

ரக்கான் வந்த அன்று அவன் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் கவ்லா அவன் முன்னால் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் தலையை ஆட்டினான். "சித்தி, ஆபீஸ்ல குடுத்த கேள்வியை மட்டும்தான் கேக்கணும். நான் என் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கக் கூடாது."

"சேர்க்காட்டிப் போ. இந்த ஊருல கழுதைகூட உனக்கு உண்மை சொல்லாது."

அவன் மீசையைத் தடவினான், அக்கம்பக்கம் பார்த்தான். "யாரும் ஆபீஸ்ல சொல்லிட மாட்டீங்களே?"

முதலில் உம்மு தியாப் வீடு. அவள் திரையை விலக்கியதும் தரையிலிருந்து கூரைவரை ஜாடிகள், பச்சைக் காய், கறுப்புக் காய், எண்ணெயில் மிதக்கும் காய். ரக்கான் வாயைப் பிளந்துகொண்டு, "அடேயப்பா, இவ்வளவா!" என்றுவிட்டான். வாசலில் கூடியிருந்த நாங்கள் அலறினோம். உம்மு தியாப் மாரில் அடித்துக்கொண்டாள். "சொல்லுடா, சொல்லு!" என்று கவ்லா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று அவன் கத்தினான். இன்னொரு தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் உம்மு தியாப் அவனை எண்ணவிட்டாள். அதன்பிறகு அவனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. ஜாடியைக் கண்டால் மாஷா அல்லாஹ், குழந்தையைக் கண்டால் மாஷா அல்லாஹ், எங்கள் வீட்டில் அபூ ஆதிலின் தொப்பையைப் பார்த்தும் ஒரு மாஷா அல்லாஹ். கவ்லா பின்னாலேயே போய் ஒவ்வொரு உக்கிராணத்தையும் தன் கண்ணால் சரிபார்த்தாள். மாலையில் அவன் பஸ் ஏறும்போது கைகொள்ளாமல் ஊறுகாய் ஜாடிகள் கொடுத்து அனுப்பினோம். அந்த ராத்திரி கவ்லா பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவளுக்குப் பாட வராது. நான் ஜன்னலை மூடவில்லை.

மாதங்கள் போயின. மறுபடி ஒரு காலை, அதே பெண், அதே குரல். ஆளொன்றுக்கு வருடத்துக்கு மூன்று கிலோ. இறக்குமதி தொடரும்.

கவ்லா செருப்பை மாற்றிக்கூடப் போடாமல் அபூ ஃபிராஸிடம் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "தலைநகர்ல உங்க ஊர்க் கணக்கைத் தள்ளிட்டாங்க" என்றார்.

"தள்ளிட்டாங்கன்னா?"

"ஒரு வருஷத்துல இவ்வளவு ஏறுமா? அதுவும் இந்த வருஷம் மரம் ஓய்வெடுத்த வருஷம், காயே கம்மி. மனுஷன் இவ்வளவு ஆலிவ் சாப்பிட முடியாது, எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு முடிவு பண்ணி, முந்தின வருஷக் கணக்கையே திரும்பப் போட்டுட்டாங்க."

"மரம் ஓய்வெடுக்கும்னுதானே முந்தின வருஷக் காயை ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து ஊறப்போட்டோம்! இது உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுல பண்றதில்லையா?" நான்தான் கத்தினேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

"எனக்குத் தெரியும் உம்மு ஆதில். மேல இருக்கறவங்ககிட்ட யாரு சொல்றது?"

நீ சொல்லு! வேறு யார் சொல்வது, உம்மு தியாபின் ஆடா? கவ்லா கத்தவில்லை. மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாங்க பொய் சொன்னப்போ யாராவது சந்தேகப்பட்டாங்களா அபூ ஃபிராஸ்?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தார்.

கூடத்தை மன்றத்தார் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது அங்கே சிமெண்ட் மூட்டைகள் இருக்கின்றன. கவ்லா வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே பழைய பெட்டியோடு அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். இர்பித்தில் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? கப்பலில் வந்த வெளிநாட்டுக் காயைப் பீப்பாயிலிருந்து எடுத்து ஜாடியில் நிரப்புகிற வேலை! லேபிளில் ஒரு மலை, ஒரு ஆலிவ் மரம், பார்த்தால் எங்கள் ஊர் என்றே நினைப்பீர்கள். "ருசி எப்படி?" என்று நான் கேட்டதற்கு, "உப்பைத் தவிர ஒண்ணும் தெரியல" என்றாள். அங்கே மூடியை மெஷின் மூடுகிறதாம்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரக்கான் மறுபடி வந்தான். கவ்லாவுக்கு விடுமுறை. பின்கட்டு முற்றத்தில் நானும் அவளும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வாசலிலேயே அவன், "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைந்தான். எங்களிடம் கற்றுக்கொண்டதை மறக்கவில்லை, பாவி. கவ்லா அவனுக்கும் ரொட்டி வைத்தாள், ஆலிவ் கிண்ணத்தை நடுவில் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டபின் அவன் தயங்கித் தயங்கி, "சித்தி, உங்ககிட்ட எத்தனை ஜாடி இருக்கு?" என்றான்.

"ரெண்டு."

அவன் நிமிர்ந்தான். அவளுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலுக்கு அடியில், பெட்டிமேல், சுவரோரம், எங்கும் ஜாடிகள். அவள் தன் மரத்துக் காயை விடவில்லை. போர்வையும் போர்த்தவில்லை. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சித்தி, அங்க..."

"ரெண்டுன்னு எழுதிக்கோ தம்பி. அதைத்தான் நம்புவாங்க. வேற எழுதினா உன்னைத்தான் திட்டுவாங்க."

அவன் தலையைக் குனிந்து எழுதினான். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல், கூச்சத்தோடு கிண்ணத்திலிருந்து இன்னும் ஒரு காயை எடுத்தவன், பாதியிலேயே கையை நிறுத்தினான். கவ்லா கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. நீ சாப்பிடுறதும் கணக்குல வராது."